மணிக்கு யார்? பொன் எக்கோ ஏரிக்கரை நாட்குறிப்பு

மார்ச் கடைசி: இடம் பிடித்தல்

ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் கோடையில் கூடாரம் அடிக்க வேண்டுமென்றால், வாசலில் பனி கிடக்கும்போதே கணினிக்கு முன்னால் உட்கார வேண்டும். போய்ச் சேரும் நாளுக்கு ஐந்து மாதம் முன்னர், காலை 7 மணிக்குப் பதிவு திறக்கும். ஓகஸ்ட் கடைசியில் போகும் எண்ணம் என்றபடியால் இன்று காலை நான் ஸ்காபரோவிலும் தம்பி மார்க்கத்திலுமாக, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். கிடைத்துவிட்டது. பொன் எக்கோ பூங்கா, மசினோ ஏரி, ஞாயிறு முதல் புதன் வரை.

போகிறவர்கள் நான், இவர், பன்னிரண்டு வயது மகள், தம்பி, அப்புறம் மணி. மணி கறுப்பு லாப்ரடோர் கலப்பு. நிறை முப்பது கிலோ. தண்ணீரைக் கண்டால் பாய்வான், இடி கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவான்.

நாயோடு முகாம் போவதென்றால் என்னென்ன கொண்டுபோகலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அது இரண்டாவது கேள்வி. எந்த நேரத்தில் நாயோடு யார் இருப்பது என்பதை முதலில் தீர்க்க வேண்டும். மணியைக் கட்டிவிட்டு எல்லோரும் ஒன்றாக நீந்தப் போக முடியாது. தனியே விடாதீர்கள் என்று பூங்காவே சொல்கிறது. விட்டால் குரைப்பான். குரைத்து அயலைக் குழப்புவது இரவில் மட்டும் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள், பகலிலும் குற்றம்தான். காருக்குள் விடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: வெளியே 24 பாகை இருந்தால் அரை மணித்தியாலத்தில் காருக்குள் 40ஐத் தாண்டிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டாலும் பெரிய வித்தியாசம் வராது.

அதனால் எங்கள் திட்டத் தாளில் நேரம், இடம், சாப்பாடு என்ற நிரல்களுக்குப் பக்கத்தில் இன்னொன்று: "மணிக்கு யார்?" அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் அந்த வேலை நடக்காது.

பூங்காவைத் தெரிவு செய்ததும் அப்படித்தான். தம்பி முதலில் சாண்ட்பாங்ஸ் என்றான். நல்ல இடம், கடல் மாதிரி மணல். ஆனால் நீந்தும் இடத்திலும் அதை ஒட்டிய மணலிலும் நாய் கூடாது என்பது மாகாணப் பூங்காக்களின் பொது விதி. மணலுக்காகவே போகிற இடத்தில் நாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அல்கொன்குயின் எனக்குப் பிடித்த இடம், ஆனால் இந்த முறை இவ்வளவு பெரிய காடு வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டார். பொன் எக்கோவில் ஏரியும் இருக்கிறது, நாயோடு நடக்கக் காட்டுப் பாதைகளும் இருக்கின்றன, கனூ என்ற துடுப்புப் படகும் கிடைக்கும். ரொறொன்ரோவில் இருந்து மூன்று, மூன்றரை மணித்தியால ஓட்டம்.

அடுத்தது தளம். ஏரிக்குப் பக்கத்தில்தான் வேண்டும் என்று தம்பி அடம் பிடித்தான். நான் விடவில்லை. கரையோரத் தளம் என்றால் எந்நேரமும் ஆட்கள் துவாயும் வாளியுமாகப் போய்வந்துகொண்டிருப்பார்கள். மணி ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்ல வேண்டுமே! ஆகவே 41ஆம் நெடுஞ்சாலைக்கு மற்றப் பக்கத்தில் இருக்கும் ஹார்ட்வுட் ஹில் பகுதியில், கழிப்பறையில் இருந்து கொஞ்சம் தள்ளி, நிழல் உள்ள தளம் ஒன்றை எடுத்தேன். ஏரிக்கு நடக்க வேண்டும்தான், நடக்கட்டும். கறுப்பு நாய்க்கு நிழல் முக்கியம். பதிவு செய்யும்போதே ஒவ்வொரு தளத்தின் படமும் நிழல் எவ்வளவு என்ற குறிப்பும் பார்க்கலாம். பல பூங்காக்களில் நாய்க்கு அனுமதி இல்லாத பகுதிகள் தனியாக உண்டு. அவசரத்தில் அதற்குள் பதிந்துவிட்டால் வாசலில்தான் பிரச்சினை தெரியவரும்.

ஓகஸ்ட்: போக முந்திய கிழமை

மிருக வைத்தியரிடம் போய்வந்தோம். கிழக்கு ஒன்ராறியோ என்றதுமே அவர் பேசியது உண்ணியைப் பற்றி மட்டும்தான். அந்தப் பக்கத்தில் கறுங்கால் உண்ணி தாராளம், லைம் நோயைப் பரப்புவது அதுதான். மணி மாதாமாதம் உண்ணிக் குளிசை எடுக்கிறான். இந்த மாதக் குளிசையைத் தள்ளிப்போட வேண்டாம் என்றார். குளிசை போட்ட நாயிலும் உண்ணி ஏறும், கடித்த பிறகுதான் சாகும். அதனால் நாள்தோறும் தடவிப் பார்க்கும் வேலை தப்பாது. காதுக்குள், கழுத்துப்பட்டிக்குக் கீழே, கமக்கட்டில், விரல்களுக்கு இடையில், வாலடியில். கடித்த உண்ணி நோயைக் கொடுக்கப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், அன்றன்று பார்த்து எடுத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

ஊரில் அம்மா உண்ணிக்கு மண்ணெண்ணெய் பூசுவார். போனில் இன்றும் அதைத்தான் சொன்னார். மண்ணெண்ணெயும் வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம். நுனி கூரிய சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுக்க வேண்டும். சூடு காட்டினாலும் எண்ணெய் பூசினாலும் அது உள்ளே இருப்பதைக் கக்கிவிடும் என்பதுதான் பயம்.

விசர்நாய்த் தடுப்பூசிச் சான்றிதழைப் படம் எடுத்துப் போனில் வைத்தேன், தாளையும் வைத்தேன். காட்டுக்குள் போன் வேலை செய்யும் என்று நம்பி எதையும் திட்டமிடக் கூடாது. பக்கத்து ஊர்களில் ஞாயிறன்றும் திறந்திருக்கும் மிருக வைத்தியசாலை எது என்பதையும் எழுதி வைத்தாயிற்று.

கயிறு 2 மீற்றருக்கு மேல் போகக் கூடாது. இழுத்தால் நீளும் வகைக் கயிறு வீட்டிலேயே நிற்கட்டும். மணிக்கு மடித்துவைக்கும் மெத்தை, பழைய கம்பளி, லைஃப் ஜாக்கெட், கழுத்தில் மாட்டும் சின்ன வெளிச்சம். ஓகஸ்ட் கடைசியில் அங்கே இரவு குளிரும். அம்மா கமராவில் மெத்தையைக் கண்டுவிட்டார்.

"நாய்க்குமோ மெத்தை? எங்கட நாயெல்லாம் முத்தத்திலைதானே படுத்தது."

"அங்கை குளிர் இல்லைத்தானே அம்மா."

"அப்ப உதை வீட்டிலை விட்டிட்டுப் போறது."

அம்மா சொன்னதும் பிழையில்லை. கூட்டத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாத நாயைக் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போவது அதற்குத் தண்டனை. எங்கள் முற்றத்தில் கூடாரத்தை அடித்து மகளும் மணியும் ஒரு இரவு படுத்துப் பார்த்தார்கள். மணி நன்றாக நித்திரை கொண்டான். நகத்தை வெட்டிவிட்டால் கூடாரத்தின் அடித்துணி தப்பும் என்பது அப்போது தெரிந்தது. வெட்டியாயிற்று.

சாப்பாட்டில் கவனம் வேறு. எங்கள் சமையலில் பாதி நாய்க்கு ஆகாது. வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சம்பல், கொத்து றொட்டி, ஊறவைத்த கோழி எல்லாமே அந்தக் கணக்கில்தான். முந்திரிகைப்பழமும் (திராட்சை) கூடாது, சமைத்த கோழி எலும்பும் கூடாது. தம்பியிடம் இதைத் தனியாகச் சொன்னேன். மேசைக்குக் கீழே போவது அவனுடைய கைதான்.

ஞாயிறு: போய்ச் சேர்தல்

காலை எட்டரைக்கு வெளிக்கிட்டோம். 401இல் பெல்வில் வரை, பிறகு 37ஆம் பாதையில் வடக்கே ட்வீட் ஊரைத் தாண்டி 7ஆம் நெடுஞ்சாலை, கலடார் சந்தியில் திரும்பி 41. கலடாரைத் தாண்டியதும் காட்சி மாறிவிடும். சோளக் காணிகள் போய், பாதையின் இரு பக்கமும் வெட்டிய இளஞ்சிவப்புப் பாறைகள், சதுப்பு, சின்னச் சின்ன ஏரிகள். கனடாக் கேடயம் என்ற பழம்பாறைத் தளம் இங்கேதான் தலை காட்டுகிறது.

ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை மணிக்காக நின்றோம். அவனுக்காக என்று சொல்கிறேன், எங்களுக்கும் தேத்தண்ணி வேண்டியிருந்தது. நான் எப்போதும் காலைச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துத்தான் ஏற்றுவேன், காருக்குள் சத்தி எடுக்காமல் வந்தான்.

விறகு கொண்டுவரவில்லை. வீட்டு விறகைக் காட்டுக்குக் கொண்டுபோகாதே என்பது இங்கே எல்லோருக்கும் சொல்லப்படும் பாடம். ஆஷ் மரத்தைத் துளைத்துக் கொல்லும் பச்சை வண்டு ஒன்று 2002இல் வட அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. அது தானாகப் பறந்து போன தூரத்தைவிட விறகுக் கட்டில் ஏறிப் பயணம் செய்த தூரம் அதிகம். பூங்காவிலேயே பை விறகு வாங்கினோம். நெருப்புத் தடை இல்லை என்பதை வாசலில் உறுதி செய்துகொண்டோம். வரட்சியான கோடையில் தடை வந்தால் விறகு நெருப்பு கிடையாது, காஸ் அடுப்பில்தான் சமைக்க வேண்டும். அடுப்பு எப்படியும் கொண்டு வந்திருந்தோம்.

வாசல் அலுவலகத்தில் நான் கேட்ட முதல் கேள்வி, நாய் எங்கே தண்ணீரில் இறங்கலாம் என்பது. பிள்ளை ஒருத்தி வரைபடத்தில் வட்டம் போட்டுத் தந்தாள். நாயோடு போகிறவர்கள் இதை வாசலிலேயே கேட்டுவிட வேண்டும்.

தளத்துக்கு வந்ததும் கூடாரம் அடிக்க முன்னர் மகள் மணியைக் கூட்டிக்கொண்டு எங்கள் தளத்தின் எல்லையைச் சுற்றி நடந்தாள். மோந்து முடிக்கட்டும், பிறகு இருப்பான் என்பது அவளுடைய கருத்து. சரியாகத்தான் இருந்தது. இருபது நிமிடம் மோந்தான், பிறகு நிழலில் தன்னுடைய மெத்தையில் போய் விழுந்தான். நெருப்புக் குழிக்கும் அடுப்புக்கும் எட்டாத இடமாகப் பார்த்துக் கட்டினோம்.

இரவு பாணும் மீன்குழம்பும். வீட்டில் இருந்து உறைய வைத்துக் கொண்டுவந்த குழம்பு, கூலருக்குள் ஐஸ்கட்டிக்குப் பதிலாகவும் வேலை செய்தது. சாப்பிட்டு முடிந்ததும் எல்லாம் காருக்குள் போயிற்று. கறுங்கரடிக் காடு இது. சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, சவர்க்காரம், மணியின் பிஸ்கட், அவன் நக்கித் துடைத்து வைத்த கிண்ணம், எல்லாவற்றுக்கும் வாசனை உண்டு. நாய் இருந்தால் கரடி வராது என்று தம்பி சொன்னான். கரடி வந்தால் நாய் குரைக்கும், ஓடும், பிறகு உன்னிடம்தான் திரும்பி வரும், கரடியையும் கூட்டிக்கொண்டு என்றார் இவர்.

பத்து மணிக்குப் பிறகு ஏரிப் பக்கமிருந்து லூன் பறவை கத்தியது. மணி தலையைத் தூக்கினான், குரைக்கவில்லை. நானும் மகளும் அவனும் ஒரு கூடாரம், இவரும் தம்பியும் மற்றது. குறட்டைக்காரர் ஒரு பக்கம், நாய் ஒரு பக்கம் என்று பிரித்தது என் திட்டம்தான்.

திங்கள்: பாறைக்கு முன்னால்

காலை ஏழரைக்கே வாடகைக் கனூக்களைப் பற்றி விசாரிக்கத் தம்பி போய்விட்டான். காற்று எழும்ப முன்னர் போய்வர வேண்டும். மசினோ ஏரி மேலும் கீழுமாக இரண்டு துண்டு, நடுவில் ஒடுக்கமான ஒரு நீர்வழியால் இணைந்தது. பூங்கா அந்த ஒடுக்கத்தில்தான் இருக்கிறது. அதற்கு நேரெதிரே மசினோ பாறை: தண்ணீருக்கு மேலே ஏறக்குறைய 100 மீற்றர் உயரம், ஒன்றரைக் கிலோமீற்றர் நீளம். மேலே தெரிவது பாதிக் கதைதான், பாறை அப்படியே தண்ணீருக்குள்ளும் இறங்குகிறது. ஏரியின் மிக ஆழமான இடம் 145 மீற்றர். பாறை காற்றைத் திருப்பிவிடுவதால் மத்தியானத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் துடுப்புப் போடுவது கஷ்டம்.

இரண்டு கனூ. ஒன்றில் இவரும் மகளும். மற்றதில் முன்னால் நான், பின்னால் தம்பி, நடுவில் மணி. மணிக்கு யார் என்ற கட்டத்தில் இன்று காலை "நாங்கள் எல்லோரும்" என்று எழுதியிருந்தது, அப்படி எழுதக் கிடைப்பது அபூர்வம்.

நாயைக் கனூவில் ஏற்றுவதற்குச் சில விஷயங்கள். முதலில் தரையில் வைத்த கனூவுக்குள் ஏறி இருந்து பழகட்டும். அடியில் ரப்பர் விரிப்பு ஒன்று போட்டால் கால் வழுக்காது, வழுக்காத நாய் எழும்பி நிற்காது. லைஃப் ஜாக்கெட்டின் முதுகில் கைபிடி இருக்க வேண்டும், தண்ணீரில் விழுந்தால் அந்தக் கைபிடியில்தான் தூக்க வேண்டும். கயிற்றைக் கனூவில் மட்டும் கட்டாதீர்கள். கவிழ்ந்தால் நாயும் அதோடு மாட்டிக்கொள்ளும்.

பாறைக்குக் கிட்டப் போக, தலையை நிமிர்த்திப் பார்க்கக் கழுத்து வலித்தது. வெடிப்புகளில் முறுகிப் போய் நிற்கும் வெள்ளைச் சீடார் மரங்கள், மண்ணே இல்லாத இடத்தில் நூற்றுக்கணக்கான வருடமாக நிற்பவை. தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே செங்காவி ஓவியங்கள் தொடங்குகின்றன. 260க்கும் மேற்பட்ட உருவங்கள் இந்தப் பாறையில் உண்டு. அனிஷினாபே பழங்குடி மக்களின் முன்னோர் கனூவில் இருந்தபடியே வரைந்தவை. ஆமை, கனூ, கோடுகள், அவர்களின் கதைகளில் வரும், முயல்காது வைத்த நானபுஷ். 1982இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தார்கள். அவர்களுக்கு இது இன்றும் வழிபாட்டு இடம். கையை வைக்காமல், துடுப்பால் தட்டாமல், தண்ணீர் தெறிக்காமல் ஒரு கனூ தூரம் தள்ளி நின்றே பார்த்தோம். நிறம் மங்கித்தான் இருக்கிறது. முதலில் ஒன்றும் தெரியாது, ஒன்று கண்ணில் பட்டதும் பக்கத்தில் மற்றதும் தெரியத் தொடங்கும். மகள்தான் அதிகம் கண்டுபிடித்தாள்.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் பெரிய எழுத்தில் ஒரு கல்வெட்டு. அமெரிக்கக் கவிஞர் வோல்ட் விட்மன் பிறந்து நூறு வருடம் நிறைந்த 1919இல், அப்போது இந்த இடத்தை வைத்திருந்த ஃபுளோரா மக்டொனால்ட் டெனிசன் செய்வித்தது. பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்டவர் அவர். எதிர்க்கரையில் அவர் நடத்திய விடுதி 1936இல் மின்னல் விழுந்து எரிந்துபோனது. மகன் மெரில் டெனிசன் 1959இல் காணியை மாகாணத்துக்குக் கொடுத்தார், 1965இல் பூங்கா திறந்தது. ஃபுளோராவை நினைத்தால் மரியாதைதான். ஆனால் அந்த ஓவியங்கள் இருக்கிற அதே பாறையில் உளி வைத்ததை என்னால் ரசிக்க முடியவில்லை. இவர் அந்தக் காலம் அப்படி என்றார். கனூவில் இருந்தபடியே இதைப் பற்றிக் கொஞ்சம் வாக்குவாதப்பட்டோம்.

திரும்பும்போதுதான் விஷயம் நடந்தது. பாறையில் இருந்து நல்ல தூரம் வந்த பிறகு, தண்ணீரில் மிதந்த தாரா ஒன்றைப் பார்த்து மணி ஒரு தரம் குரைத்தான். ஒரு விநாடி கழித்துப் பாறையில் இருந்து இன்னொரு நாய் குரைத்தது. மணி அப்படியே உறைந்துபோனான். பிறகு பாறையைப் பார்த்துக் குரைத்தான். அந்த நாயும் விடவில்லை. இவன் இரண்டு என்றால் அதுவும் இரண்டு. மணி எழும்பி நிற்க, கனூ ஆட, தம்பி "அக்கா, அவனைப் பிடி, பிடி!" என்று கத்த, பாறையும் சேர்ந்து "பிடி" என்றது. கைபிடியில் பிடித்து இருத்தினேன். மற்றக் கனூவில் மகள் சிரித்து முடியவில்லை. பிறகு அவள் கணக்கும் போட்டாள். ஒலி ஒரு விநாடிக்கு 340 மீற்றர் போகும். குரைத்து ஒரு விநாடியில் திரும்பி வந்தால் பாறை 170 மீற்றர் தூரத்தில். பூங்காவுக்கு எக்கோ என்று பெயர் வைத்தவர்களிடம் நாய் இருந்ததோ தெரியாது என்றாள்.

பின்னேரம் முறை வைத்து நீந்தினோம். முதல் மணித்தியாலம் இவரும் மகளும் நீந்தும் கரையில், நானும் தம்பியும் மணியோடு வட்டம் போட்ட இடத்தில். பிறகு மாறினோம். மணி தண்ணீரில் இறங்க முன்னர் நான் ஏரியைப் பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. கோடைக் கடைசியில் சில ஏரிகளில் நீலப்பச்சைப் பாசி மிதக்கும், பச்சை பெயின்ற் ஊற்றியது மாதிரி இருக்கும். அதைக் குடித்த நாய் மணிக்கணக்கில் சாகலாம். இங்கே தண்ணீர் தெளிவு, அடிக்கல் தெரிந்தது. விட்டேன். வர மறுத்தான்.

செவ்வாய்: அரணையும் இடியும்

வெயில் ஏற முன்னர் ஷீல்ட் பாதை. 4.8 கிலோமீற்றர் வட்டம், எங்கள் பக்கத்துக் காட்டுக்குள்தான். நான்கு பேரும் மணியும் போனோம். பாதையின் நடுவால் நடந்தால் உண்ணி குறைவு, புல்லில் உரசினால்தான் ஏறும். மணிக்கு இதைச் சொல்லி விளங்க வைக்க முடியாது, கயிற்றைச் சுருக்கிப் பிடித்தேன்.

திறந்த பாறை ஒன்றில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது சின்ன அரணை. கறுப்பு உடல், ஐந்து கோடு, பளீரென்ற நீல வால். ஒன்ராறியோவில் இருக்கும் ஒரேயொரு பல்லி இனம் இதுதான், இந்தப் பாறைக் காடு அதற்கு வீடு. குட்டிக்குத்தான் வால் இவ்வளவு நீலம், பிடிக்க வந்தால் வாலை விட்டுவிட்டு ஓடிவிடும். மணியும் கண்டுவிட்டான். 2 மீற்றர்க் கயிறு எதற்கு என்று யாராவது கேட்டால் இந்த இடத்தைத்தான் சொல்வேன். ஒரே பாய்ச்சல், கயிறு இறுகியது, அரணை வெடிப்புக்குள் போயிற்று, வாலோடு.

தளத்துக்கு வந்து தடவிப் பார்த்ததில் மணியின் காதுமடிப்பில் ஒரு உண்ணி, இன்னும் கடிக்கவில்லை, ஊர்ந்துகொண்டிருந்தது. இவரின் காலுறையில் ஒன்று. மனிதரையும் பார்க்க வேண்டும் என்பதை நாயைப் பார்க்கும் மும்முரத்தில் மறந்துவிடாதீர்கள்.

மத்தியானத்துக்குப் பிறகு படகில் மறுகரைக்குப் போய் பாறை உச்சிக்கு ஏறுவது. அங்கே செங்குத்தான படிகள், போக வரப் படகு எஞ்சின் சத்தம். மணியைக் கொண்டுபோகும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. முதலில் இவரும் மகளும் போனார்கள். வந்த பிறகு நானும் தம்பியும். நான் கடைசிப் படிகளில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினேன். மேலே நின்று பார்க்க, ஏரி முழுவதும் விரிந்து கிடந்தது, எங்கள் கனூப் பாதை தெரிந்தது. நால்வரும் ஒன்றாக நின்று படம் எடுக்க முடியவில்லை என்று தம்பிக்குக் குறை. நாயோடு வந்தால் குடும்பப் படம் பாதிப் பாதியாகத்தான் கிடைக்கும். அது பிடிக்காதவர்கள் நாயை நல்ல இடத்தில் விட்டுவிட்டு வரலாம், அதிலும் குற்றமில்லை. எனக்கு இந்தப் பாதிப் பாதியில் ஒரு லாபம் இருந்தது. தம்பியோடு ஒரு மணித்தியாலம் தனியே நடந்து கதைத்து எத்தனையோ காலம். வீட்டில் சந்தித்தால் பிள்ளைகள், சமையல், ரிவி. இன்று அப்பாவின் கடைசி வருடத்தைப் பற்றிக் கதைத்தோம்.

இரவு ஒன்பதுக்கு மேற்கே மின்னல். முன்னறிவிப்பில் இருந்ததுதான். மணிக்கு எங்களுக்கு முன்னரே தெரிந்துவிட்டது, மூச்சிரைத்துக்கொண்டு என் மடிக்குள் ஏறப் பார்த்தான். முப்பது கிலோ மடிக்குள் ஏறாது. முதல் இடி கேட்டதும் எல்லோரும் காருக்குள் போனோம். கூடாரம் மின்னலுக்குப் பாதுகாப்பு இல்லை, உலோகக் கூரை மூடிய கார் பாதுகாப்பு. நேற்றுத்தான் விடுதி எரிந்த கதையைப் பேசியிருந்தோம், அதனால் யாருக்கும் இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பின்னிருக்கையில் மகள், நடுவில் கம்பளிக்குள் மணி, மற்றப் பக்கம் தம்பி. முன்னால் நாங்கள் இருவரும் கூலர் பெட்டியின் மூடியை மடியில் வைத்துக்கொண்டு. மணியை மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தாள் மகள். பயத்தில் இருக்கிற நாயைத் தேற்றினால் பயம் கூடும் என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை, பயத்தைத் தடவிக்கொடுத்து வளர்க்க முடியாது.

ஒன்றரை மணித்தியாலம் இருந்தோம். இடி பாறையில் பட்டுத் திரும்பி வந்ததால் ஒவ்வொன்றும் இரண்டாகக் கேட்டது. மணிக்கு அது நியாயமே இல்லை.

புதன்: திரும்புதல்

காலையில் எல்லாமே நனைந்திருந்தது. பிற்பகல் 2 மணிக்குள் தளத்தை விட வேண்டும். கூடாரத்தை ஈரத்தோடு சுருட்டிக் குப்பைப் பையில் போட்டோம், வீட்டில் காய வைக்கலாம். மணிக்கு யார் என்ற கேள்விக்கு இன்று மகள். நாங்கள் மூவரும் மடிக்க, அவள் அவனை ஹை பைன்ஸ் பாதைப் பக்கம் கூட்டிப்போய்வந்தாள். சாமான் கட்டும்போது நாய் காலுக்குள் நிற்காமல் இருப்பதே பாதி உதவி.

பக்கத்துத் தளத்துப் பெரியவர் காலையில் எங்களிடம் வந்து, இங்கே நாய் இருந்ததே எனக்குத் தெரியாது என்றார். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய பாராட்டு அதுதான்.

போக முன்னர் தளத்தைச் சுற்றி ஒரு நடை. மணியின் கழிவுப் பைகள் எல்லாம் குப்பைத் தொட்டிக்குள் போயிற்றா, கயிறு கட்டிய மரத்தில் பட்டை உரிந்ததா, கீழே எலும்பு ஏதும் விழுந்ததா. ஒரு எலும்பு கிடந்தது. தம்பி கூரையைப் பார்த்தான், காட்டில் ஏது கூரை, மரத்தைப் பார்த்தான். கோழி எலும்பு, நல்ல வேளை முழுதாகக் கிடந்தது. மணிக்கு எட்டவில்லை.

ட்வீட்டில் நின்று சாப்பிட்டோம். வெளியே மேசை உள்ள இடமாகப் பார்த்துத்தான் நின்றோம், மணிக்காக. அம்மா போன் எடுத்தார். முதல் கேள்வி பேத்தியைப் பற்றியல்ல.

"நாய் குளிருக்கு நல்லாப் படுத்ததோ?"

"மெத்தையிலை படுத்தவர் அம்மா."

"அதுக்கென்ன, குளிர்தானே" என்றார்.

அடுத்த முறைக்குத் தாளில் எழுதியவை: இன்னொரு கம்பளி, காருக்குள் நனையாத ஒரு துவாய், கனூவுக்கு நீளமான விரிப்பு. தம்பி ஜூன் மாதம் போகலாம் என்கிறான். ஜூனில் கறுப்பு ஈயும் நுளம்பும் சேர்ந்து தின்னும், மணியின் வயிற்றுப் பக்கம் மயிர் குறைந்த இடத்தில் ஈ கடித்துத் தடித்துவிடும். செப்டெம்பர் என்றால் நான் வருவேன். பாடசாலை தொடங்கிவிடும் என்று மகள் இப்போதே முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். இவர் நித்திரை.

வீட்டுக்கு வந்ததும் மணியை மறுபடியும் தடவிப் பார்த்தோம், உண்ணி இல்லை. ஏரி மணம் மட்டும் நிறைய. குளிக்க வார்க்க வேண்டும். தாளைப் பார்த்தேன். அந்தக் கட்டத்தில் தம்பியின் பெயர் இருக்கிறது, அவன் ஏற்கெனவே மார்க்கத்துக்குப் போய்விட்டான்.